மெருகேற்றும் சக்கரம்

தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ முந்திய வாரத்தில், நம் வீடுகளிலுள்ள பித்தளைக் குத்துவிளக்குகளைக் கிணற்றடிக்குக் கொண்டுசென்று பழப்புளியிட்டு மினுக்குவது வழக்கம். பாட்டியார் மினுக்கிய விளக்கைத் தாயார் மினுக்குகிறார்; தாயார் மினுக்கிய அதனையே மகளும் மினுக்குகிறாள். விளக்குக் கெடுவதில்லை. காரணம் எளிது. மேலே படிந்த களிம்பு நீங்கினால் அடியில் இருப்பதும் பித்தளை. அதற்கு அடியில் இருப்பதும் பித்தளையே.

மோட்டார்க் காரின் கதை அவ்வாறன்று. அதன் பளபளப்பு முழுவதும் ஒரு கடதாசித் தாளின் கனத்துக்குள் அடங்கியிருக்கிறது. அதனை மினுக்குபவன் ஒவ்வொரு முறையும் அத்தாளிற் சிறிது தேய்த்து எடுக்கிறான். எடுத்ததை மீள வைக்க வழியில்லை. கராஜ்களில் ‘கட் அன்ட் பொலிஷ்’ எனப்படும் வேலைக்குப் பயன்படும் சுழற்பொறியை நாம் பழகிய காலத்தில், இவ்வுண்மையை முதலிற் செவியாற் கேட்டோம். பின்னர் ஒரு பிழை செய்து கண்ணாற் கண்டோம். அதனையே இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

இதனை இப்போது எழுதுவதற்கும் காரணம் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேயாகும். அந்த ஐந்து ஆண்டுகளிலும், பழைய காரை ஏளனமாக நோக்கியவர்களும் அதனைப் பிள்ளைபோற் பேணப் பழகினர். அன்று தொடங்கிய வழக்கம் பல வீடுகளில் இன்றும் நிலைத்திருக்கிறது. பொறியொன்றை விலைக்கு வாங்கித் தாமே செய்துபார்க்கும் குடும்பத்தவர்களும் உளர். இதனைத் தொழிலாகக் கற்க விரும்பும் இளைஞர்களும் உளர். இரு சாராரும் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது பொறியைப் பற்றியன்று, வர்ணத்தைப் பற்றியேயாகும்.

இக்காலத்துக் காரின் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு ஒன்று உண்டு. அதன்மேற் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றிற்கும் மேலாகக் ‘கிளியர்’ என்று பெயின்ற் வேலையாளர் கூறும் நிறமற்ற பூச்சு. தொழிற்சாலையிற் பூசப்பட்ட கார்களில் இவை யாவும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் கனமேயாம். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு மைக்ரோன். நாம் எழுதும் தாளின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரோன். கிளியரின் கனமோ பெரும்பாலும் 40 முதல் 50 வரையில்தான். அஃதாவது, தாளிற் பாதி.

முற்காலக் கார்களுக்கு இத்தகைய மேற்பூச்சு இருந்ததில்லை. தூரிகையால் வார்னிஷ் பூசி, அது காய்வதற்குப் பல நாட்கள் காத்திருந்த காலமும் உண்டு. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூப்போன்ட் நிறுவனத்தாரின் ‘டியூக்கோ’ என்னும் விரைவிற் காயும் வர்ணம் ஓக்லண்ட் கார்களிற் பயன்படத் தொடங்கியது. அதன்பின் கார்களுக்குப் பல நிறங்களை விரைவாகப் பூசுதல் இயல்வதாயிற்று. அப்பழைய முறையில் நிறப்பூச்சே மேற்பூச்சுமாகும். அதனைத் தேய்த்தாற் துணியில் நிறம் ஏறும், அது குற்றமன்று. 1980களிற் பரவிய கிளியர் முறையிலோ, மேலே தேய்க்கும்போது துணியில் நிறம் ஏறலாகாது. ஏறினாற் கிளியர் அவ்விடத்தில் முடிந்துவிட்டது என்பது பொருள். இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்க. பின்னர் இது பயன்படும்.

கிளியரின் பணி பளபளப்பு மட்டுமன்று. வெயிலின் ஊதாக்கடந்த கதிர்களைத் தாங்கி நிறத்தைக் காப்பதும் அதுவே. அதனை மிக மெலியச் செய்தால் அன்று ஒன்றும் தெரியாது. கார் முன்னிலும் அழகாகவே தோன்றும். சில ஆண்டுகள் வெயிலில் நின்ற பின்னரே கூரையும் பொனெற்றும் மங்கிச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள எமது நாட்டின் வெயில் எத்தகையது என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனி, கீறல் என்பது யாது? கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தாற் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போன்ற வட்டக் கீறல்கள் தோன்றும். உண்மையில் அவை வட்டமானவை அல்ல. பல திசைகளிலும் ஓடும் நுண்ணிய கீறல்களுள், ஒளி வரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே ஒளியை எம் கண்ணுக்கு அனுப்புகின்றன. ஆகவே அவை பிம்பத்தைச் சுற்றி வளையங்களாகத் தெரிகின்றன. பழைய சில்வர்த் தட்டு ஒன்றை விளக்கின் கீழ்ப் பிடித்துப் பார்த்தால் இதே காட்சியைக் காணலாம்.

இக்கீறலைப் போக்குதல் என்றாற் பள்ளத்தை நிரப்புவது எனப் பலர் எண்ணுகின்றனர். அதுவன்று. பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள மேட்டை இறக்குவதே ‘கட்’ என்னும் வேலை. கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு கிளியரும் போகவேண்டும். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்க்கும்போது நகம் சிக்குமாயின், அக்கீறலை முற்றாகப் போக்க முயலுதல் பெரும்பாலும் ஆபத்தேயாகும். ஒரு முறை மினுக்குவதால் 4 மைக்ரோன் போகிறதென வைத்துக்கொள்வோம். கிளியர் 40 மைக்ரோன் எனின், ஐந்தாவது முறையிற் பாதி போய்விடும். ஆண்டுதோறும் தீபாவளிக்கு விளக்கை மினுக்குவதுபோற் காரையும் மினுக்குபவர்கள் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று.

பொறியின் தன்மையையும் சிறிது கூறுவோம். இருவகைப் பொறிகள் வழக்கில் உள்ளன. ஒன்றிற் சக்கரம் சுழல்வதோடு ஊசலாடவும் செய்யும். அவ்வகைப் பொறிகள் பெரும்பாலானவற்றில், அதிகமாக அழுத்தினாற் சுழற்சி தானே நின்றுவிடும். ஆதலால் அது பழகுபவர்களுக்குப் பாதுகாப்பானது. மற்றையது ஓர் அச்சில் மட்டுமே சுழலும் பொறி. அழுத்தினாலும் அது நிற்பதில்லை, விரைவாகத் தேய்க்கும், பிழையையும் அதே விரைவிற் செய்யும். நாம் பழகியது இதனையே.

இதன் வேகத்தைக் கணித்துப் பார்ப்போம். 180 மில்லிமீற்றர் விட்டமுடைய மெத்தை நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது எனின், அதன் ஓரம் மணிக்கு ஏறக்குறைய 51 கிலோமீற்றர் வேகத்தில் வர்ணத்தின்மேல் ஓடுகிறது. மெத்தையின் நடுவிலோ வேகம் இல்லை. அந்த ஓரம் ஓரிடத்திலேயே நின்று தேய்த்தால் அங்கே எழும் வெப்பம் கிளியரை இளகச் செய்துவிடும். இரும்பு வெட்டும் கிரைண்டரில் மெத்தையைப் பொருத்தி வேலை செய்வாரையும் நாம் கண்டிருக்கிறோம். நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 முறை சுழல்வது. அதனைக் காரின் அருகே கொண்டுசெல்லாதிருப்பதே அறிவுடைமை.

நிற்க. எமது கதைக்கு வருவோம்.

எமது தந்தையார் விட்டுச்சென்ற கார் கருநீல நிறமுடையது. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில், பழைய சாரத்தின் துண்டொன்றால் அவர் அதனைத் துடைப்பார். தண்ணீர் ஊற்றிக் கழுவுவது மாதத்துக்கு ஒருமுறைதான். மற்றைய வாரங்களில் வெறும் துணியே. அவர் மறைந்த பின், வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது, அந்நீலத்தின்மேல் வெண்ணிறச் சிலந்திவலை படர்ந்திருக்கக் கண்டோம். துணி மென்மையானதே; அதிற் சிக்கிய தூசியின் மணல்தான் கீறியது. அவர் அன்போடு துடைத்த துடைப்புகளே அக்கீறல்கள் என்பதை அறிந்தபோது எமக்குச் சிறிது வருத்தமாகவே இருந்தது.

வீட்டுக்கு அண்மையிலுள்ள கராஜில் வர்ணவேலை செய்யும் முதியவர் ஒருவர் உளர். எல்லோரும் அவரைப் ‘பாஸ்’ என்றே அழைப்பர். அவரிடம் சென்று, “பாஸ், இந்த மெசினைப் பிடிக்க எனக்கும் பழக்கிவிடுவீங்களோ?” என்று கேட்டோம். அவர் எம்மைச் சிறிது நேரம் பார்த்தார். பின்னர், விபத்துக்குள்ளான கார் ஒன்றிலிருந்து கழற்றிய பழைய பொனெற்றை இரண்டு பீப்பாக்களின் மேல் வைத்து, “தம்பி, ஒரு மாசத்துக்கு இதிலை விளையாடும். இது அழாது” என்றார்.

அந்தப் பொனெற்றில் நாம் கற்றவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, கழுவுதல். மண்ணும் தூசியும் இருக்க மினுக்கத் தொடங்கினால், போக்க வந்த கீறலைப் புதிதாக உண்டாக்குவோம். வேலையை நிழலிலேயே செய்யவேண்டும்; தகடு குளிர்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒட்டுநாடா. ஓரங்கள், விளிம்புகள், தகட்டில் எழும்பி ஓடும் மடிப்புக் கோடுகள், றப்பர்கள், எழுத்துச் சின்னங்கள் ஆகிய யாவற்றின்மேலும் மாஸ்கிங் ரேப் ஒட்டவேண்டும். ஈர வர்ணம் காயுமுன் கூரிய ஓரங்களிலிருந்து பின்வாங்குவதால், அங்கே பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். அன்றியும், பரந்த தகட்டின்மேற் பரவவேண்டிய அழுத்தம் முழுவதும் ஓரத்திற் கயிற்றளவான இடத்திலே குவிகிறது. பிளாஸ்ரிக் பம்பரிலும் மிகுந்த கவனம் வேண்டும். இரும்பைப்போல் அது வெப்பத்தைப் பரவவிடுவதில்லை, விரைவிற் சூடாகும்.

மூன்றாவது, மென்மையானதிலிருந்து தொடங்குதல். ஆட்டுரோம மெத்தை மிகுதியாகத் தேய்க்கும். ஸ்பொஞ்ச் மெத்தை குறைவாகத் தேய்க்கும். கொம்பவுண்ட் எனப்படும் பசையிலும் கரடானது, நுண்ணியது என வகையுண்டு. மென்மையான ஸ்பொஞ்சையும் நுண்ணிய பசையையும் கொண்டு ஒரு சாண் இடத்தில் முதலிற் சோதிக்கவேண்டும். அது போதுமாயின் அதனோடு நின்றுவிட வேண்டும். போதாவிடின் மட்டுமே ஒரு படி கடுமையானதை நாடலாம்.

நான்காவது, பிடிக்கும் முறை. மின்கம்பியைத் தோளின்மேற் போட்டுக்கொள்ள வேண்டும். தளர்ந்த உடையும் அவிழ்ந்த கூந்தலும் ஆகா. கண்ணுக்குக் கண்ணாடி அணிதல் நன்று. மெத்தையைத் தகட்டின்மேல் வைத்த பின்னரே விசையை அழுத்தவேண்டும். இல்லாவிடிற் பசை சுவரெங்கும் தெறிக்கும். முதலில் 600 அளவிலான வேகத்திற் பசையைப் பரப்பி, பின் 1,000, 1,200 என ஏற்றலாம். ஒரு முறைக்கு இரண்டடிச் சதுரம் போதும். ஒவ்வொரு வரியும் முந்திய வரியிற் பாதியை மூடுமாறு முதலிற் குறுக்காகவும் பின்னர் நெடுக்காகவும் ஓட்டவேண்டும். உழவன் சால்விட்டு உழுவது போன்றதே இது. கை எங்கும் தரித்து நிற்கலாகாது.

முதல் நாளிற் பொறி எம்மை இழுத்துச் சென்றது. அதன் காரணத்தைப் பாஸ் விளக்கினார். பிடித்திருப்பவன் மேலிருந்து நோக்கினாற் சக்கரம் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. மெத்தையின் அப்பக்கம் அழுந்தினாற் பொறி இடப்புறம் ஓடும். எம் பக்கம் அழுந்தினால் வலப்புறம் ஓடும். சமமாக வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிசெய்து பொறி அமைதியாக நிற்கும். இதனை அறிந்த பின் தோள்வலி பாதியாகக் குறைந்தது. அதுவரை நாம் பொறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். விளிம்புக்கு அருகே செல்லும்போது, சக்கரம் தகட்டிலிருந்து வெளியே ஓடுமாறு பிடிக்கவேண்டும். வெளியிலிருந்து விளிம்பின்மேல் வந்து மோதுமாறு பிடித்தலாகாது.

ஐந்தாவது, புறங்கை. அடிக்கடி பொறியை நிறுத்திப் புறங்கையாற் தகட்டைத் தொட்டுப் பார்க்கவேண்டும். இளஞ்சூடு இருக்கலாம்; கையை வைத்திருக்க முடியாத சூடு இருத்தல் கூடாது.

ஒரு மாதம் கழிந்தது. எமது காரின் பொனெற்றையும் கூரையையும் பாஸ் அருகில் நிற்கச் செய்து முடித்தோம். நீலம் கிணற்றுநீர்போல் ஆழமாகத் தெரிந்தது. சிலந்திவலை மறைந்துவிட்டது. எமக்குப் பெருமிதம் உண்டாயிற்று. அங்கேதான் பிழையும் பிறந்தது.

எஞ்சியிருந்தது டிக்கியின் மூடி ஒன்றே. மாலைப்பொழுது, பாஸ் வீட்டுக்குச் சென்றுவிட்டார். ஒட்டுநாடாவின் கீழே கால் அங்குல அகலத்துக்கு மினுக்காத வரியொன்று இருப்பது எம் கண்ணை உறுத்தியது. நாடாவை உரித்தோம். வேகத்தையும் 2,000 வரை ஏற்றினோம். விளிம்பின்மேற் சக்கரத்தை வைத்தோம். இரண்டு வினாடி இருக்கும். வெண்ணிற மெத்தையில் நீலநிற வளையம் ஒன்று தோன்றியது. அதன் பொருளை உணர்ந்து பொறியைத் தூக்குவதற்குள், விளிம்பிற் பெருவிரல் நீளத்துக்குச் சாம்பல்நிறப் பிரைமர் வெளியே தெரிந்தது.

எத்தனையோ ஆண்டுகள் சாரத்துண்டாற் துடைத்தும் எமது தந்தையார் அழியவிடாத நிறம், கற்றுத் தேர்ந்தோம் என எண்ணிய எமது கையில் இரண்டு வினாடியில் அழிந்தது.

மறுநாட் காலையிற் பாஸிடம் காட்டினோம். அவர் கோபிக்கவில்லை. விரலால் அவ்விடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இப்பதான் தம்பி, நீர் வேலை பழகத் துவங்கியிருக்கிறீர்” என்றார். ஓரம் மெலிது என்பதையும், அழுத்தம் அங்கே குவியும் என்பதையும், சூடு அங்கிருந்து பரவ இடமில்லை என்பதையும் நாம் அறியாதவர்கள் அல்லோம். அறிவு இருந்தது, பொறுமை இருக்கவில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உள. சுழற்பொறி வேலை முடித்த கார் நிழலிற் கண்ணாடிபோற் தோன்றும். வெயிலில் நிறுத்தினாலோ, சக்கரம் ஓடிய பாதைகள் மங்கிய அலைகளாகத் தெரிவதுண்டு. மென்மையான மெத்தையும் மிக நுண்ணிய பசையும் கொண்டு, இலேசான கையுடன் ஒருமுறை ஓட்டினாலன்றி அவை நீங்கா. ஊசலாடும் பொறியைக் கொண்டு முடித்தல் இன்னும் எளிது. இரண்டாவதாக, பசையிலுள்ள எண்ணெய் கீறல்களிற் தங்கி அவற்றை மறைத்துவிடும். சில கழுவல்களின்பின் கீறல்கள் மீண்டும் வெளிப்படும். ஆகவே சோதித்த இடத்தைத் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் அற்ககோலினாற் துடைத்துவிட்டுப் பார்த்தாலே உண்மை தெரியும். காரைக் கொடுத்துச் செய்விப்பவர்களும் அதனை வாங்குமுன் வெயிலில் நிறுத்திப் பார்த்துக்கொள்வது நன்று.

வீட்டுக் காரைப் பேண விரும்புபவர்களுக்கு ஊசலாடும் பொறியே போதுமானது. தொழிலாகக் கற்க விரும்பும் இளைஞர்கள் சுழற்பொறியையும் பழகுதல் வேண்டும். கராஜ்களிற் பெரிதும் பயன்படுவது அதுவே. ஆனால் கழற்றிப்போட்ட பழந்தகடு ஒன்றிலே தொடங்குங்கள். அதில் ஓர் ஓரத்தை வேண்டுமென்றே எரித்துப் பாருங்கள். மெத்தையில் நிறம் ஏறும் அந்தக் கணத்தை அழாத தகட்டிற் கண்டவர்கள், பிறருடைய காரில் அதனைக் காணாமல் தப்புவார்கள்.

எமது காரின் டிக்கி விளிம்பிலே சிறு தூரிகையால் நிறம் தொட்டுவைத்திருக்கிறோம். அருகில் நின்று பார்ப்பவர்களுக்கு அது தெரியும். இடப்புறக் கதவில் நகம் சிக்கும் நீண்ட கீறல் ஒன்றும் உண்டு. சிறுபிராயத்திற் சைக்கிளைச் சாய்த்து நாமே உண்டாக்கியது அது. தந்தையார் அன்று ஏசினார். ஆனால் அதனை அப்படியே விட்டுவைத்தார். நாமும் அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளிற் காரை நாம் இப்போது தண்ணீர் ஊற்றியே கழுவுகிறோம். சவர்க்கார நீருக்கு ஒரு வாளி. துணியை அலசுவதற்கு மற்றொரு வாளி. உலர்ந்த துணியாற் தூசி துடைப்பதில்லை. அதனால் அந்தச் சக்கரத்துக்கு வேலை மிகக் குறைவு. பெரும்பாலும் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.